ஜிபிஎஸ் வரிகள் பாதியில் அறுந்து வருவது ஏன்?

ஆர்டுயினோ மெகா என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் ஜிபிஎஸ் மாட்யூலை சீரியல்1 என்ற சீரியல் போர்ட்டில் இணைத்து, வருவதை அப்படியே யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறீர்கள். வரிகள் நடுவில் அறுந்து, அடுத்த வரியோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. வயரிங்கில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. லூப்பின், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியின், கடைசியில் நீங்கள் வைத்திருக்கும் 100 மில்லிசெகண்ட் டிலேதான் (நிரலை நிறுத்திவைக்கும் கட்டளை) காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிபிஎஸ் அனுப்பும் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட், அதாவது நொடிக்கு 960 பைட். டிலே முடிவதற்குள் 96 பைட் வந்து சேரும். வந்த பைட்களைப் படிக்கும்வரை வைத்திருக்கும் ரிசீவ் பஃபரின் கொள்ளளவோ 64 பைட்தான். நிரம்பிய பிறகு வருவது சத்தமே இல்லாமல் தொலைந்துபோகும், எர்ரரும் காட்டாது.

டிலேயைத் தூக்கிவிடுங்கள். லூப்பில் சீரியல்1-இல் பைட் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கும்வரை ஒவ்வொன்றாக எடுத்து, யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகும் சீரியலில் எழுதினால் போதும். எல்ஈடி சிமிட்ட வேண்டுமென்றால் போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும் மில்லிஸ் ஃபங்ஷனை வைத்து நேரம் பாருங்கள்.

வருவதை மொத்தமாக ஒரே சரமாகப் படிக்கும் ரீட்ஸ்ட்ரிங் ஃபங்ஷன் பக்கம் போகவே வேண்டாம். ஒரு நொடி அமைதி கிடைத்தால்தான் அது திரும்பும். நொடிக்கொரு முறை பேசும் ஜிபிஎஸ்ஸிடம் அந்த அமைதி கிடைக்காது.

அப்புறம், கணினிக்குப் போகும் சீரியலின் வேகத்தை 115200 பாட்டில் வையுங்கள். வாங்கும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் குறைந்தால், டிலே இல்லாமலேயே இதே தொல்லை திரும்ப வரும்.