வாசகர் கேள்வி – பதில்: நம் காட்டுக் கரடி

கரடிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தமிழ்நாட்டு மலைகளிலும் இலங்கையின் உலர் வலயக் காடுகளிலும் வாழும் தேன்கரடியைப் பற்றியே இருந்தன. பனிக்கரடியையும் பாண்டாவையும் பற்றிக் கேட்ட இரண்டொரு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அவற்றுக்காகப் பேச உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தேன்கரடிக்கு அவ்வளவு பேர் இல்லை.

இந்தியாவில் எத்தனை வகைக் கரடிகள் உள்ளன? தமிழ்நாட்டில் இருப்பது எது?
(மாணவி, மதுரை)

உலகில் உள்ள எட்டுக் கரடி இனங்களில் நான்கு இந்தியாவில் வாழ்கின்றன. பழுப்புக் கரடி இமயத்தின் உயர்ந்த பகுதிகளிலும், ஆசியக் கருங்கரடி இமயச் சரிவுகளிலும் வடகிழக்கிலும், சூரியக் கரடி வடகிழக்கு மாநிலங்களிலும் காணப்படுகின்றன. நான்காவது தேன்கரடி. தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது இது ஒன்றுதான். முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை ஆகிய காடுகளில் மட்டுமின்றி, அவற்றுக்கு வெளியே உள்ள பல குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் இது வாழ்கிறது. கலைந்த நீண்ட கருமயிரும், வெளிறிய மூஞ்சியும், மார்பில் மாலை போல் விழும் வெண்ணிறப் பட்டையும் இதன் அடையாளங்கள். வளர்ந்த ஆண் 80 முதல் 140 கிலோ வரை எடை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது.

தேன்கரடி என்கிறோமே, தேன்தான் இதன் முதன்மையான உணவா?
(வாசகர், திருச்சி)

தேன் கிடைத்தால் விடாது. மரமேறித் தேனடையைப் பிய்த்துத் தின்னும். ஆனால் ஆண்டு முழுவதும் இதன் வயிற்றை நிரப்புபவை கறையானும் எறும்பும் பழங்களும்தாம். கரடிக் குடும்பத்தில் கறையானையும் எறும்பையும் தின்பதற்கென்றே உடலமைப்பை மாற்றிக்கொண்ட இனம் இது ஒன்றுதான்.

ஒரு புற்றைக் கரடி எப்படிக் காலி செய்கிறது என்பதைக் கவனித்தால் இந்த உடலமைப்பு விளங்கும். முதலில் மூக்கை வைத்து மோப்பம் பிடித்து, கறையான் திரண்டிருக்கும் இடத்தைக் கண்டுகொள்கிறது. பின்னர் ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீண்டு வளைந்த முன்னங்கால் நகங்களால், கோடையில் கல்லாக இறுகிப்போன புற்றுமண்ணைப் பெயர்த்தெடுக்கிறது. அறைகள் திறந்ததும் மூஞ்சியை உள்ளே நுழைத்து, மண்ணும் தூசியும் பறக்கும்படி முதலில் வேகமாக ஊதுகிறது. அடுத்து, நாசித் துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழாய் போல் நீட்டிக் கறையான்களை உறிஞ்சுகிறது. மேல்தாடையில் நடுவிலிருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் இதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையான் உள்ளே இழுக்கப்படுகிறது. அண்ணமும் குழிந்து அமைந்திருப்பதால் உறிஞ்சும் விசை கூடுகிறது. அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். காட்டில் கரடி இருப்பதைக் கண்ணைவிடக் காது முன்னதாகச் சொல்லிவிடுவது இதனால்தான்.

நீண்ட நகங்களையும் இல்லாத பற்களையும் பார்த்து, 1791-இல் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டிய ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர், தென் அமெரிக்காவின் ஸ்லாத் என்ற மரவாழ் விலங்கின் இனத்தோடு இதைச் சேர்த்துவிட்டார். பிழை பின்னர் திருத்தப்பட்டது. ஆங்கிலத்தில் மட்டும் இன்றும் ‘ஸ்லாத் பேர்’ என்றே வழங்குகிறது.

பழக் காலத்தில் நாவல், இலந்தை, அத்தி, கொன்றைக் காய் ஆகியவற்றைத் தேடி அலையும். விழுங்கிய விதைகளில் பல சிதையாமல் எச்சத்தோடு வெளியேறி வேறிடத்தில் முளைக்கின்றன. எனவே காட்டுக்குக் கரடியால் ஆவது என்ன என்று கேட்பவர்கள், அதன் எச்சத்தை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தாலே போதும்.

கரடி குட்டியை முதுகில் சுமக்குமாமே? குளிர்காலம் முழுவதும் தூங்குமா?
(பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர்)

சுமக்கும். கரடி இனங்களில் குட்டியை முதுகில் ஏற்றிச் செல்வதை வழக்கமாகக் கொண்டது தேன்கரடி மட்டுமே. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில், பாறைக் குகையிலோ தானே தோண்டிய வளையிலோ, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். முதல் சில வாரங்கள் தாய் வளையை விட்டு அதிகம் நகர்வதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் வெளியே வரும் குட்டிகள், தோளுக்குப் பின்னால் உள்ள நீண்ட மயிரைப் பற்றிக்கொண்டு, ஆறேழு மாத வயது வரை முதுகிலேயே பயணம் செய்கின்றன. புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில், ஓடவும் ஏறவும் தெரியாத குட்டிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை தாயுடன் இருப்பதால், ஒரு பெண் கரடி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈன முடியும். ஒரு தாய் இறந்தால் அந்த இழப்பு ஈடாவதற்கு நெடுங்காலம் ஆகும்.

குளிர்காலத் தூக்கம் இதற்கு இல்லை. நம் காடுகளில் கறையான் ஆண்டு முழுவதும் கிடைக்கும்போது அது எதற்கு?

எங்கள் ஊரில் கரடி கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடிக்கிறது, சத்துணவுக் கூடத்திலும் நுழைகிறது. காட்டில் உணவு இல்லாததால்தான் வருகிறது என்பது உண்மையா?
(அங்கன்வாடிப் பணியாளர், கோத்தகிரி)

பாதி உண்மை. கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் காடு ஒரே பரப்பாக இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைத் துண்டுகளும் ஓடைக்கரைகளும் புதர்களுமாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கரடி தோட்டத்தையும் குடியிருப்பையும் கடந்தே ஆக வேண்டும். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் அடர்ந்துவிட்ட உண்ணிச்செடிப் புதர் அதற்குப் பகலில் படுத்துறங்க நல்ல மறைவிடமாகிவிட்டது. அச்செடியின் பழத்தையும் அது தின்கிறது. ஆகவே, தாங்கள் எண்ணுவதுபோல் அது எங்கோ அடர்காட்டிலிருந்து பசியோடு இறங்கி வரவில்லை. தங்கள் ஊரின் ஓரத்திலேயே குடியிருக்கிறது.

மீதிப் பாதி நம்மால் வந்தது. ஒரு புற்றைத் தோண்டிக் கிடைக்கும் கறையானைவிட, ஒரு டின் எண்ணெயிலோ, மூட்டைச் சர்க்கரையிலோ, குப்பைத் தொட்டியில் கொட்டிய உணவகக் கழிவிலோ கிடைக்கும் ஆற்றல் பன்மடங்கு அதிகம். உழைப்போ மிகக் குறைவு. கரடியின் மோப்பத் திறன் அபாரமானது. ஒருமுறை கதவை உடைத்துப் பலன் கண்ட கரடி மறுபடியும் வரும். தாயோடு வந்த குட்டியும் அதைக் கற்றுக்கொள்ளும்.

வனத்துறைக்கு விண்ணப்பம் எழுதும் முன் ஊரில் செய்ய வேண்டியவை சில உண்டு. கோயிலில் நடை சாத்தும்போது எண்ணெயையும் நைவேத்தியத்தையும் உள்ளே வைத்துவிட்டுப் போகக் கூடாது. சத்துணவுப் பொருள்களை இரும்புக் கதவுள்ள அறையிலோ, இறுக மூடும் இரும்புப் பெட்டியிலோ வைக்க வேண்டும். குப்பையை இரவு முழுவதும் திறந்தவெளியில் விடக் கூடாது. பள்ளிக்கும் நடைபாதைக்கும் அருகிலுள்ள உண்ணிச்செடியை வெட்டி அகற்ற வேண்டும். இவை எதுவும் செய்தித்தாளில் வராது. கூண்டில் கரடி சிக்கினால்தான் படத்துடன் வரும்.

2022 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் கடையம் அருகே ஒரு கரடி மூன்று பேரைத் தாக்கியது. சிறுத்தைகூட மனிதனைக் கண்டால் ஒதுங்குகிறது, கரடி ஏன் பாய்கிறது? இத்தகைய கரடிகளைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடுவதுதானே முறை?
(விவசாயி, தென்காசி)

தங்கள் கேள்வியில் உள்ள வேதனை நியாயமானது. தேன்கரடி தாக்கினால் காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கைகளிலும் விழுகிறது. உயிர் பிழைத்தவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் அந்தத் தழும்போடு வாழ்கிறார்கள். சத்தீஸ்கர் பிரிவதற்கு முந்தைய மத்தியப் பிரதேசத்தில் மட்டும் 1989-க்கும் 1994-க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் 687 பேர் காயமடைந்தனர், 48 பேர் உயிரிழந்தனர் என்று பதிவாகியுள்ளது.

ஆனால் அது மனிதனை இரையாக எண்ணிப் பாய்வதில்லை. புலியோடு ஒரே காட்டில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த விலங்கு இது. மானைப் போல் ஓடித் தப்பவும் முடியாது. மரத்தில் ஏறினாலும் சிறுத்தை பின்னாலேயே ஏறிவிடும். நேருக்கு நேர் எழுந்து நின்று, உறுமி, முந்திக்கொண்டு தாக்குவது ஒன்றே அது கற்ற தற்காப்பு. புற்றுக்குள் மூஞ்சியை நுழைத்து ஓசையோடு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதோ, புதருக்குள் உறங்கும்போதோ, ஆள் வருவதை அது உணர்வதில்லை. பார்வையும் கூர்மையன்று. பத்தடி தூரத்தில் திடீரென மனிதனைக் காணும் கரடி, புலியைக் கண்டால் என்ன செய்யுமோ அதையே செய்கிறது. குட்டி உடனிருந்தால் சொல்லவே வேண்டாம்.

எனவே கரடி உள்ள இடங்களில் அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பின்னும் தனியே போகாமலிருப்பதும், போக நேர்ந்தால் பேசிக்கொண்டோ, முனையில் மணி கட்டிய கைத்தடியைத் தட்டிக்கொண்டோ நடப்பதும் நல்லது. தொலைவில் கண்டால் கூச்சலிடாமல், முதுகைக் காட்டி ஓடாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். பாய்ந்துவிட்டால், குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு, முகத்தைத் தரையோடு அழுத்திக்கொள்ள வேண்டும். அச்சுறுத்தல் நீங்கியது என்று தோன்றினால் கரடி பெரும்பாலும் விலகிவிடும்.

இடம் மாற்றுவது எளிய தீர்வாகத் தோன்றும். எமக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதிய காட்டில் நீர் எங்கே, புற்று எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்கே ஏற்கெனவே வேறு கரடிகள் இருக்கும். பழைய இடம் தேடித் திரும்பும், அல்லது விட்ட இடத்துக்கு அருகிலுள்ள வேறோர் ஊருக்குள் நுழையும். மயக்க ஊசியும் பயணமும் கரடியின் உடலுக்கு ஆபத்தானவை. தாங்கள் குறிப்பிடும் கரடியே, பிடித்துக் காட்டில் விடப்பட்ட சிறிது காலத்தில் இறந்துவிட்டது. மனிதரைத் தொடர்ந்து தாக்கும் ஒரு கரடியைப் பிடிக்க வேண்டிய நிலை வரலாம். ஆனால் ஊர் ஓரத்தில் கண்ணில் பட்ட கரடிக்கெல்லாம் கூண்டு வைப்பது சிக்கலை அடுத்த ஊருக்கு அனுப்பி வைப்பதாகவே முடியும்.

கரடி மயிரில் செய்த தாயத்து குழந்தையின் பயத்தைப் போக்குமா?
(வாசகி, சேலம்)

போக்காது. தேன்கரடி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதன் மயிர், நகம், பல், பித்தப்பை எதை விற்றாலும் வாங்கினாலும் குற்றம்.

சிறுவயதில் தெருவில் கரடி வித்தை பார்த்திருக்கிறோம். அவர்களும் அக்கரடிகளும் என்ன ஆனார்கள்?
(ஓய்வுபெற்ற அலுவலர், சென்னை)

வட இந்தியாவிலும் தக்காணத்திலும் இத்தொழிலைத் தலைமுறையாகச் செய்தவர்கள் கலந்தர் என்ற சமூகத்தார். தாயைக் கொன்று குட்டியைப் பிடித்து, மயக்க மருந்தின்றி மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்து, பற்களைத் தட்டி எடுத்துப் பழக்கினார்கள். கயிற்றைச் சுண்டும்போது எழும் வலிதான் நாம் ஆட்டம் என்று கைதட்டிய ஆட்டம். சட்டத்தின் தடை இருந்தும், அத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேறு வழி காட்டாதவரை அது நிற்கவில்லை. வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்ற அமைப்பு 2002-இல் ஆக்ராவில் கரடிக் காப்பகம் தொடங்கி, கரடியை ஒப்படைப்பவருக்கு ஆட்டோ, சிறு கடை, தையல் எனப் பிழைப்புக்கு உதவி செய்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் இவ்வாறு மீட்கப்பட்டன. 2009-இல் ராஜு என்ற கரடி பெங்களூருக்கு அருகிலுள்ள பன்னேர்கட்டா காப்பகத்துக்கு வந்தபோது, இந்தியத் தெருக்களில் கரடி வித்தை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. மூக்கும் பல்லும் சிதைந்த அக்கரடிகளைக் காட்டில் விட முடியாது. காப்பகத்திலேயே அவற்றின் காலம் கழிகிறது.

எங்கள் வன்னிக் காடுகளில் உள்ளதும் இதே கரடியா?
(வாசகர், வவுனியா)

இனம் ஒன்றே, ஆனால் இலங்கைக் கரடி தனித் துணையினம். உடல் சற்றுச் சிறியது, மயிர் குறைவு. வில்பத்து, யால, வஸ்கமுவ காடுகளில் இதைக் காணலாம். பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் மரத்தடியிலும் மரத்தின் மேலுமாகக் கரடிகள் கூடுவதைத் தாங்களே கண்டிருக்கக்கூடும். இலங்கை நிலப்பரப்பில் 17 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியில்தான் இப்போது கரடி உள்ளது. மொத்த எண்ணிக்கை 500 முதல் 1,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. வியப்பான செய்தி, இக்கரடி ஊருக்குள் வருவது அரிது என்பது. அங்கே காயமடைபவர்கள் பெரும்பாலும் தேனுக்கும் பழத்துக்கும் வேட்டைக்கும் காட்டுக்குள் போனவர்களே.

புலியைக் கணக்கெடுப்பதுபோல் கரடியை ஏன் கணக்கெடுப்பதில்லை? உண்மையிலேயே அழிந்து வருகிறதா?
(ஆய்வு மாணவர், தருமபுரி)

புலிக்குப் புலி வரி மாறுபடும். தானியங்கிக் கேமராவில் விழும் படத்தை வைத்தே தனித்தனியாக அடையாளம் காணலாம். கரடி முழுக்கக் கறுப்பு. மார்புப் பட்டை எப்போதும் கேமராவை நோக்கி இருப்பதில்லை. எச்சத்திலும் உதிர்ந்த மயிரிலும் உள்ள மரபணுவைக் கொண்டு எண்ணலாம், அதற்குச் செலவும் உழைப்பும் மிகுதி. உலகில் 20,000-க்கும் குறைவாகவே இருக்கும் என்பதும், அதில் பெரும்பங்கு இந்தியாவில் என்பதும் பொதுவான மதிப்பீடு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புக்கு உள்ளான இனமாக வகைப்படுத்தியுள்ளது. வங்காள தேசத்தில் அடியோடு மறைந்துவிட்டது.

புலிக் காப்பகங்களுக்குள் இருக்கும் கரடிக்குப் புலியின் புண்ணியத்தில் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது வெளியே இருப்பவற்றைப் பற்றி. தங்கள் மாவட்டம் போன்ற இடங்களில் பாறைக் குன்றும் முட்புதரும் வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு என்றே எழுதப்படுகின்றன. கரடிக்கு அந்தப் பாறை இடுக்குதான் குட்டி ஈனும் அறை. அந்தப் புதர்தான் புற்றும் இலந்தையும் உள்ள மேய்ச்சல். கல் குவாரிக்கு ஏலம் போகும்போது, அங்கே ஒரு கரடி வளை இருந்ததை எந்தக் கோப்பும் குறிப்பிடுவதில்லை. கர்நாடகம் 1994-இல் ஹம்பிக்கு அருகே தரோஜியில் இத்தகைய பாறைப் புதர்க்காட்டையே கரடிகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. மாலையில் பாறைகளில் வெல்லப்பாகு தடவிச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கரடி காட்டும் வழக்கம் அங்கே உண்டு; அதை யாம் விரும்பவில்லை. ஆனால் தரிசு என்று ஒதுக்கத்தக்க நிலத்தைக் கரடிக்காகவே பதிவேட்டில் ஏற்றிய முடிவு பின்பற்றத்தக்கது. தாங்கள் ஆய்வு மாணவர் என்பதால் ஒரு வேண்டுகோள்: தங்கள் வட்டத்தில் ஏலத்துக்கு வரும் குன்றுகளில் கரடி எச்சமும் தோண்டிய புற்றும் எங்கெங்கே உள்ளன என்று வரைபடத்தில் குறித்து மாவட்ட வன அலுவலரிடம் கொடுங்கள். ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே கொடுங்கள்.