டே கேர் ரசீது இருந்தும் பணம் வராதது ஏன்?

கேள்வி: பால்டிமோரில் பிஎச்.டி. செய்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. என்.ஐ.எச்.சின் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள்) டி32 என்ற பயிற்சி மானியத்தில் ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) வருகிறது. இரண்டு வயது மகனின் டே கேருக்கு 3,000 டாலர் கிடைக்கும் என்கிறார்களே, எப்படி வாங்குவது?

பதில்: கிடைக்கும். என்.ஐ.எச்.சின் இந்தக் குழந்தைப் பராமரிப்பு உதவி 2021-இல் 2,500 டாலராகத் தொடங்கி, 2024-இல் 3,000 ஆனது. இது ஒரு பட்ஜெட் ஆண்டுக்கு, ஆய்வாளர் ஒருவருக்கு. இரட்டைக் குழந்தைகள் என்றாலும் தொகை கூடாது. கணவனும் மனைவியும் என்.ஆர்.எஸ்.ஏ. (டி32 போன்றவை அடங்கிய என்.ஐ.எச். பயிற்சித் திட்டம்) மானியத்தில் இருந்தால் இருவருக்கும் தனித்தனியே உண்டு. குழந்தை உங்களோடு வசிக்க வேண்டும், 13 வயது நிரம்பியிருக்கக் கூடாது (மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு 18).

பலருக்கு நின்றுபோவது உரிமத்தில்தான். மாநில உரிமம் பெற்றவர் பார்த்துக்கொண்டால் மட்டுமே செலவு செல்லும். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கோ, பக்கத்து அபார்ட்மென்ட் அக்காவுக்கோ கொடுத்த பணம் கணக்கில் வராது. சேர்க்கும்போதே உரிமத்தின் நகலை வாங்கி, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள்.

அடுத்தது, இதை நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது; பல்கலைக்கழகம்தான் என்.ஐ.எச்.சிடம் கேட்க வேண்டும். வருடாந்திர முன்னேற்ற அறிக்கை போகும் முன்பே உங்கள் டி32 நிர்வாகியிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். செலவழியாத தொகையை வேறு எதற்கும் திருப்ப முடியாது. பாஸ்டன் போன்ற ஊர்களில் கைக்குழந்தைக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல் ஆகிறது. இரண்டு மாதத்துக்குக்கூடப் போதாத உதவி. அதற்காக விட்டுவிடவும் வேண்டாம்.

கேள்வி: நானும் டி32 மாணவிதான், ஒரே குழந்தை. கணவர் ஐ.டி. வேலையில் இருக்கிறார். அவருடைய கம்பெனியின் டிபென்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.வில் (குழந்தைப் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடித்து வைக்கும் கணக்கு) முழுத் தொகையையும் போடலாமா?

பதில்: வேண்டாம். 2026 முதல் உச்சவரம்பு 7,500 டாலர். ஆனால் தம்பதியில் குறைவாகச் சம்பாதிப்பவரின் வருமானம் வரைதான் வரிச்சலுகை. டபிள்யூ-2 படிவத்தில் (வேலை தருபவர் கொடுக்கும் சம்பளச் சான்று) வராத ஸ்டைபெண்டை வருமான வரித்துறை சம்பாத்தியமாகவே எடுத்துக்கொள்வதில்லை. முழுநேர மாணவர் என்பதால் உங்களுக்கு மாதம் 250 டாலர் வருமானம் இருப்பதாக வைத்துக்கொள்ளும் (இரண்டு குழந்தைகள் என்றால் 500). பன்னிரண்டு மாதமும் மாணவராக இருந்தால் 3,000. கணவர் 7,500 போட்டால் மீதி 4,500-க்கு வரி கட்ட வேண்டியிருக்கும். கோடையில் பதிவு விட்டுப்போனால் அந்த மாதங்களின் 250-உம் போய்விடும்.

வருமான வரியோடு சேர்க்கும் 2441 படிவத்தில், டே கேர் செலவுக்காகக் கேட்கும் வரிக் கழிவுக்கும் (டாக்ஸ் கிரெடிட்) ஒரு குழந்தைக்கு 3,000 டாலர் செலவு வரைதான் கணக்கு, எஃப்.எஸ்.ஏ.வில் போட்டது அதில் கழிந்துவிடும். படிவத்துக்கு டே கேரின் வரி எண் வேண்டும். அந்த எண்ணைக் கேட்பதற்கான டபிள்யூ-10 படிவத்தைக் கொடுத்து இப்போதே கேட்டு வையுங்கள். மூடிப்போன டே கேரிடம் ஏப்ரலில் போய் வாங்க முடியாது. என்.ஐ.எச். பணத்துக்குக் காட்டிய ரசீதை எஃப்.எஸ்.ஏ.வுக்கும் காட்டாதீர்கள்.

பட்டம் முடித்து எஃப்32-க்கு (பிஎச்.டி. முடித்தவர்களுக்கான என்.ஐ.எச். ஃபெலோஷிப்) போனால் நீங்கள் மாணவர் அல்ல; அந்த 250-உம் கிடையாது.

கேள்வி: ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்ட விசா) போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்). எனக்கு இதில் ஏதாவது உண்டா?

பதில்: என்.ஆர்.எஸ்.ஏ. பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான்; ஜே-1 விசாவில் கிடைக்காது. உங்கள் சம்பளம் டபிள்யூ-2-வில் வந்தால், எஃப்.எஸ்.ஏ. உண்டா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். ஜே-2-வில் (ஜே-1 காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் துணைக்கு வருமானம் இல்லாமல், முழுநேரப் படிப்பும் இல்லாமல் இருந்தால் அதிலும் சலுகை பூஜ்யம்தான்.