‘அனுமதி இலவசம்’ என்று போடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு சனிக்கிழமை இரவு, பெண்களும் தலித் இளைஞர்களும் திருநர்களும் எடுத்த எட்டுக் குறும்படங்களைத் திரையிடப் போகிறோம். எல்லாருமே சொந்தக் காசில் படம் எடுத்தவர்கள். அனுமதி இலவசம். ‘யூடியூபிலேயே பார்த்துவிடலாமே, இதற்கு எதற்கு மண்டபம்?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நண்பர்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘அனுமதி இலவசம்’.

மண்டபத்துக்கு வாடகை உண்டு. புரொஜெக்டருக்கு உண்டு. மைக் செட்காரர் முன்பணம் வாங்காமல் வயரைக்கூட இறக்க மாட்டார், அது நியாயமும்தான். நாற்காலி, டீ, பிளெக்ஸ் எல்லாவற்றுக்கும் கொடுப்பீர்கள். அன்றைக்குக் கூலி இல்லாமல் வீட்டுக்குப் போகப் போவது படம் எடுத்தவர்கள் மட்டும்தான். அவர்கள் பஸ் ஏறி வந்ததும் சொந்தச் செலவில்தான் இருக்கும்.

ஆளுக்கு 50 ரூபாய் டிக்கெட் வையுங்கள். 120 பேர் வந்தால் 6,000 ரூபாய். எட்டாகப் பிரித்தால் படத்துக்கு 750. அதை வைத்து அடுத்த படம் எடுக்க முடியாதுதான். ஆனால், மகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், ‘என் படத்துக்குக் காசு வந்தது’ என்று அவள் சொல்லலாம். கையில் காசில்லாமல் வருகிறவரை வாசலில் நிறுத்த வேண்டாம், உள்ளே அனுப்பிவிடுங்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும்.

‘கலைக்கு விலை வைக்கலாமா’ என்று யாராவது வருவார்கள். சிற்றிதழ் உலகத்தில் இந்தப் பேச்சோடு எனக்கு நெடுநாள் சண்டை. உடனே எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவைக் காட்டுவார்கள். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியவர், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர். உண்மை. அவர் இழந்தது தன் காசை. அவர் பெயரைச் சொல்லி இன்னொருவரின் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

இயக்குநர் ஜான் ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை எடுத்த அதே மலையாளி. 1984இல் நண்பர்களோடு சேர்ந்து ‘ஒடெஸா’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். கேரளத்தில் ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் நன்கொடை திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்து முடித்தார்கள். ஜனங்களிடம் காசு கேட்க அவர்கள் கூச்சப்படவில்லை. கொடுத்தவர்களும் அதை நம் படம் என்றுதான் நினைத்தார்கள். உங்களுக்கு மட்டும் எதற்குக் கூச்சம்?

சரி, யூடியூப். 2017இல் திவ்யா பாரதி, மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி ‘கக்கூஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். பல இடங்களில் போலீஸ் அதைத் திரையிட விடவில்லை. படம் யூடியூபுக்குப் போனது. ஏராளமானவர்கள் பார்த்தார்கள், நல்லதுதான். ஆனால் தடுத்தவர்கள் தடுத்தது எதை என்று யோசித்துப் பாருங்கள். போனில் தனியாகப் பார்ப்பவர் கலங்குவார், அடுத்த வீடியோவுக்கு நகர்ந்துவிடுவார். நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால், விளக்கைப் போட்டதும் யாராவது எழுந்து ‘எங்கள் தெருவிலும் இதுதான் நடக்கிறது’ என்பார். அந்த வாய் திறப்பதற்குத்தான் மண்டபம் வேண்டும். உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மண்டபம் என்றாலே நல்லவர்கள் கூடும் இடம் என்றும் சொல்ல மாட்டேன். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் ஓடியபோது, திரையை நோக்கிக் கல் பறந்தது. மேல்சாதி நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் என்பதுதான் காரணம். தான் நடித்த படத்தையே பார்க்க விடாமல் அந்தப் பெண்ணைத் துரத்தினார்கள். ஊரை விட்டு ஓடி, நாகர்கோவில் பக்கம் வந்து, நடிகை என்பதே வெளியே தெரியாமல் வாழ்ந்து முடித்தார். படத்தின் பிரதியும் மிஞ்சவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் நடத்தும் திரைப்பட விழாவுக்கு ரோசியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

அதனால் முதல் வரிசையைப் படம் எடுத்தவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் ஒதுக்குங்கள். பிரமுகர்கள் இரண்டாவது வரிசையில் உட்காரட்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எதுவும் வேண்டாம். பத்து நிமிஷப் படத்துக்கு முன்னால் நாற்பது நிமிஷப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நொந்து போயிருக்கிறேன். கடைசியில் இயக்குநருக்கு ‘நேரமாகிவிட்டது, இரண்டே வார்த்தை’ என்று மைக்கை நீட்டுவார்கள். அந்த நாற்பது நிமிஷம் அவருடையது.

அப்புறம் சத்தம். கல்யாண மண்டபம் என்றால் எதிரொலிக்கும், பாட்டுக்குக் கட்டுகிற பெரிய பாக்ஸில் வசனம் ஒன்றும் புரியாது. சின்ன ஸ்பீக்கர்களாக, காது உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். எட்டுப் படமும் எட்டு விதமான சத்தத்தில் இருக்கும். மத்தியானமே வந்து ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையை உயரமாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசைக்காரர் சப்டைட்டிலுக்குப் பதில் முன்னால் இருப்பவரின் தலையைத்தான் பார்ப்பார். சொந்தக் காசைப் போட்டு எடுத்த படம் தெளிவாகக் கேட்க வேண்டாமா?

எட்டில் சிரிப்புப் படம் எத்தனை? ஒன்றுகூட இல்லையென்றால் உங்கள் தேர்வுக் குழுவோடு எனக்குச் சண்டை இருக்கிறது. தலித் இயக்குநர் என்றால் வன்கொடுமை, திருநங்கை என்றால் வீட்டை விட்டு விரட்டப்பட்ட கதை என்று எதிர்பார்த்தே தேர்வு செய்கிறார்கள். காதல் கதையோ பேய்ப் படமோ அனுப்பினால் ‘உங்கள் வாழ்க்கையை எடுங்களேன்’ என்று அறிவுரை வருகிறது. பேய்ப் படம் எடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

தேதி, இடம், படங்களின் பெயர், இயக்குநர்கள் பெயர் எல்லாம் எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறோம். டிக்கெட் விலையையும் மறக்காமல் எழுதுங்கள்.