மறு: நானே வைக்கும் கெடுவை நானே மதிப்பதில்லை

மாதக் கடைசிக்குள் சிறுகதை என்று தேதி குறித்து, கடைசி இரண்டு நாளில்தான் உட்கார்ந்து, பிறகு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இதைச் சோம்பல் என்று நீங்கள் திட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கெடு வைத்த விதத்தில்தான் கோளாறு.

மனித நடத்தையை ஆராயும் டான் ஏரியலி, கிளவுஸ் வெர்டன்புரோக் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மூன்று கட்டுரைகளைப் பிழைதிருத்தக் கொடுத்தார்கள். வாரம் ஒன்று என்று கெடு விதிக்கப்பட்டவர்களே அதிகப் பிழைகளைப் பிடித்தார்கள். தாங்களே தேதி வைத்தவர்கள் அடுத்த இடம். மூன்றையும் மொத்தமாகக் கடைசியில் தரலாம் என்று விடப்பட்டவர்கள் கடைசி. தாமதித்தால் பணம் பிடித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் கெடுவில் அது இல்லவே இல்லை.

அதனால் கதைக்குத் தேதி வைக்காதீர்கள், காட்சிக்கு வையுங்கள். வாரம் ஒரு காட்சி, குறிப்பிட்ட கிழமையில், அரைகுறையாக இருந்தாலும் ஒரு நண்பருக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் கருத்தே சொல்ல வேண்டாம், வரவில்லையென்றால் கேட்டால் போதும். (ரொம்ப அன்பானவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், "பரவாயில்லை, மெதுவா அனுப்பு" என்றுவிடுவார்.)

முதல் பத்தியையே திரும்பத் திரும்பத் திருத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். நான்கு வாரக் காட்சிகள் முடிந்தபின், திருத்தத்துக்கு ஐந்தாவது வாரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அதுவரை அந்தப் பத்தி அப்படியே கிடக்கட்டும்.