வெளிநாட்டு நகரோடு உடன்படிக்கை: கடலூர், புதுவைக் கேள்விகள்

சார், புதுவை எந்த வெளிநாட்டு நகரோடாவது உருப்படியாக வேலை செய்திருக்கிறதா, இல்லை சால்வை போட்டுப் படம் எடுத்ததோடு சரியா? (முதலியார்பேட்டை)

செய்திருக்கிறது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய, ஆசிய நகரங்களைச் சேர்த்து வேலை செய்யவைக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுவை, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னேவ்-சூர்-லோ மூன்றும் சேர்ந்தன. இங்கே மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு கூட்டாளி. வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள், திண்ணையும் தெருப்பக்கத் தாழ்வாரமுமாக, பழைய அமைப்புக்குத் திரும்பியது அதில்தான். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. 'ஊரையே மாற்றுகிறோம்' என்று கிளம்பாமல் ஒரு வீதியைப் பிடித்துக்கொண்டதால் வேலை முடிந்தது.

2014 நவம்பரில் இடிந்த மேரி கட்டடத்தை (பிரெஞ்சுக்கால நகராட்சிக் கட்டடம்)த் திரும்பக் கட்டியதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது உலக வங்கிக் கடன். கடன் வேறு, நகரங்களுக்கு இடையிலான பரிமாற்றம் வேறு.

கடலூர் மாநகராட்சி ஒரு ஜப்பானிய நகரோடு சேர வேண்டுமானால் எங்கே தொடங்குவது? (திருப்பாதிரிப்புலியூர்)

மாமன்றத் தீர்மானத்தில் தொடங்காதீர்கள். முதலில் ஒரே ஒரு வேலையை முடிவு செய்யுங்கள். மழைநீர் வடிகால் தூர்வாரல் என்று வைத்துக்கொள்வோம். எந்த வார்டில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, நம் பொறியாளர்கள் இதுவரை என்ன செய்தார்கள், ஜப்பானியர்களிடம் கற்க வேண்டியது எது, தொடர்பு அலுவலர் எந்தப் பதவியில் இருப்பவர் என்று இரண்டு பக்கக் குறிப்பு போதும். ஜப்பானிய உள்ளாட்சிகள் சேர்ந்து 1988இல் அமைத்த 'கிளேர்' என்ற அமைப்புக்குச் சிங்கப்பூரில் அலுவலகம் இருக்கிறது. குறிப்பை அங்கே அனுப்பிக் கேட்கலாம்.

எதிர்த்தரப்பு விருப்பக் கடிதம் கொடுத்த பிறகுதான் தீர்மானம். அதன்பின் கோப்பு நகராட்சி நிர்வாக இயக்குநர் வழியாகத் தலைமைச் செயலகம் போய், அங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் மாநிலங்கள் பிரிவுக்குப் போக வேண்டும். வெளிநாட்டு விவகாரம் மத்தியப் பட்டியலில் இருப்பதால் இந்தச் சுற்றைத் தவிர்க்க முடியாது. உடன்படிக்கை வரைவையும் கூடவே அனுப்புங்கள். சட்டக் கடப்பாடு எதுவும் உண்டாகாது, அவரவர் செலவு அவரவருக்கு, மூன்று ஆண்டுக் காலம், விலக விரும்பினால் ஆறு மாத முன்னறிவிப்பு: இந்த நான்கும் அதில் இருக்கட்டும். ஆண்டு வேலைத்திட்டம் இணைப்பாக இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத உடன்படிக்கை கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். ஒப்புதல் வருமுன் விழா வைத்துக் கையெழுத்துப் போட்டால், பயணச் செலவு தணிக்கையில் மாட்டும்.

எங்களுக்கு மேயரே இல்லையே, யார் கையெழுத்துப் போடுவது? (உழவர்கரை)

உள்ளாட்சித் துறையின் ஒப்புதலோடு ஆணையர் போடலாம். புதுச்சேரியில் 38 ஆண்டு கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் நிர்வாகம் அதிகாரிகள் கையில். பிரெஞ்சு மேயர்கள் எதிரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரை எதிர்பார்ப்பார்கள், அதை முதல் கடிதத்திலேயே விளக்கிவிடுங்கள். பெரிய சிக்கல் வேறு: ஆணையர் மாற்றலாகிப் போனால் கோப்பு தூங்கிவிடும். பொறுப்பைப் பெயரில் எழுதாமல் பதவியில் எழுதி, உள்ளூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் தொடர்பு அறாது.

கவுன்சிலர்கள் வெளிநாட்டு நகரின் செலவில் போய்வரலாமா? (நெல்லிக்குப்பம்)

முன் அனுமதி இல்லாமல் கூடாது. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நகராட்சி, ஊராட்சி உறுப்பினர்களையும் எம்.எல்.ஏ.க்களோடு ஒரே வரிசையில் வைக்கிறது. டிக்கெட், தங்குமிடம் எதை ஏற்பதானாலும் உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்.சி-2 படிவத்தில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக என்பது விதி. ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் தனியாக வேண்டும்.

பணம் வருமா? (வில்லியனூர்)

அதை நம்பி இறங்க வேண்டாம். தொண்டு நிறுவனம் வழியாக வாங்குவதானால் அதற்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படிப் பதிவு இருக்க வேண்டும். பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. வல்லுநர் வருகைக்கும் பயிற்சிக்கும் எதிர்த்தரப்பே நேராகச் செலவழிப்பது சுலபம்.

பிரான்சிடம் தண்ணீர், கழிவுநீர் பற்றிக் கேளுங்கள். 2005இன் ஊதாங்-சாந்தினி சட்டப்படி அங்குள்ள உள்ளாட்சிகள் தங்கள் குடிநீர், கழிவுநீர் நிதியில் 1 சதவீதம் வரை வெளிநாட்டு ஒத்துழைப்புக்குச் செலவிடலாம். கலைவிழாவுக்கு அந்தக் கதவு திறக்காது.

எந்த மாதத்தில் அணுகுவது? (பண்ருட்டி)

பிரான்சின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், அங்கே செப்டம்பருக்குள் கேட்டுவிடுங்கள். அவர்களுடைய நகராட்சித் தேர்தல் ஆண்டில் (2014, 2020, 2026 என்று ஆறாண்டுக்கொருமுறை) புது மன்றம் உட்காரும்வரை பொறுங்கள். ஜப்பானுக்கு நம்மைப் போலவே ஏப்ரல்தான். ஆனால் அலுவலர் மாற்றலும் அப்போதே நடக்கும்.

கடலூரும் புதுவையும் சேர்ந்து ஒரே உடன்படிக்கை போடலாமா? (பாகூர்)

ஒன்று மாநிலம், இன்னொன்று யூனியன் பிரதேசம். கோப்பு இரண்டு வழியில் போகும், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். தனித்தனியாகவே போடுங்கள். வேலைத்திட்ட இணைப்பு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் எல்லை பார்த்து வரவில்லை. வெள்ள வல்லுநரை அழைப்பதானால் ஒரே வாரத்தில் இரு கரையையும் காட்டிவிடலாம், விமானச் செலவும் ஒன்றோடு போகும்.