ஆடிட்டர் சொன்ன லாபமா, ஜெர்மனி சொன்ன லாபமா?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறோம். ஆண்டு விற்பனை 70 கோடி, நிகர மதிப்பு 22 கோடி. ஒரு ஜெர்மன் நிறுவனம் எங்கள் பங்குகளில் 60 சதவீதத்தை வாங்கியிருக்கிறது. மீதி 40 சதவீதத்தை மூன்று ஆண்டு கழித்து, அப்போதைய இபிட்டாவை (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம்) போல் ஆறு மடங்கு விலை போட்டு வாங்கிக்கொள்வார்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டுக்கு வரிக்கு முந்தைய லாபம் 4.10 கோடி என்று எங்கள் ஆடிட்டர் கையெழுத்திட்டார். அதே ஆண்டின் கணக்கைச் சர்வதேசத் தரத்துக்கு மாற்றிப் பார்த்தால் 3.52 கோடிதான் என்கிறது ஜெர்மன் அலுவலகம். வித்தியாசத்துக்கு நான்கு வரிகளில் ஒரு தாளும் அனுப்பியிருக்கிறார்கள்: கட்டிட வாடகையால் லாபம் 6.6 லட்சம் குறைவு, வராக்கடன் 14 லட்சம் குறைவு, மார்ச் கடைசி ஏற்றுமதி 45 லட்சம் குறைவு, கிராஜுவிட்டி 7.6 லட்சம் கூடுதல். யார் கணக்கு தவறு? நாங்களும் சர்வதேசத் தரத்துக்கு மாற வேண்டுமா? வரி மாறுமா?

பதில்: எளிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வரி மாறாது. வருமான வரித் துறை உங்கள் லாபத்தை அதன் சொந்தச் சட்டப்படியும் விதிப்படியும் திருத்தித்தான் கணக்கிடுகிறது. ஜெர்மனிக்கு அனுப்பும் தாள் அந்தக் கணக்குக்குள் நுழைவதே இல்லை.

மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்தியாவில் இரண்டு தேசியக் கணக்கியல் தரங்கள் அருகருகே இருப்பதுதான் பலரையும் குழப்புகிறது. ஒன்று, நீங்கள் இப்போது பின்பற்றும் பழைய ஏஎஸ். மற்றொன்று, ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசத் தரத்தை ஒட்டி 2015-இல் அறிவிக்கப்பட்ட இண்ட் ஏஎஸ். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனத்துக்கு நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்டால்தான் இண்ட் ஏஎஸ் கட்டாயம். தாய் நிறுவனம் இண்ட் ஏஎஸ் வளையத்தில் இருந்தால் துணை நிறுவனமும் உள்ளே வரும் என்று ஒரு விதி உண்டு. ஆனால் அது இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்படி கம்பெனியாக இருக்கும் தாய்க்கே பொருந்தும். ஜெர்மன் தாய் எவ்வளவு பெரியதானாலும் அதற்காக நீங்கள் மாற வேண்டியதில்லை. விரும்பினால் மாறலாம், மாறினால் திரும்ப வழி கிடையாது. தவிர, இண்ட் ஏஎஸ் என்பது ஐஎஃப்ஆர்எஸ்ஸின் அச்சு நகலும் அல்ல. முதலீட்டுக்காக வைத்திருக்கும் நிலம், கட்டிடத்தைச் சந்தை விலையில் கணக்கெழுத ஐஎஃப்ஆர்எஸ் அனுமதிக்கிறது, இண்ட் ஏஎஸ் அனுமதிப்பதில்லை. ஒரு நிறுவனத்தை அதன் மதிப்புக்கும் குறைவான விலையில் வாங்கினால் கிடைக்கும் ஆதாயத்தை ஐஎஃப்ஆர்எஸ் லாபத்தில் சேர்க்கச் சொல்கிறது. இண்ட் ஏஎஸ் லாபத்தைத் தொடாமல் மூலதனக் காப்பு நிதிக்குக் கொண்டுபோகிறது. ஆகவே நீங்கள் மாறினாலும் ஜெர்மனிக்குத் தனித் தாள் தயாரிக்கும் வேலை முழுதாகப் போய்விடாது. ஏஎஸ் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றங்களை மட்டும் தனியே போட்டு அனுப்புவதே உங்கள் அளவுக்குப் போதும்.

இனி அந்தத் தாளில் உள்ள நான்கு வரிகள்.

நான்கில் பெரியது, அதாவது மார்ச் கடைசி ஏற்றுமதியின் 45 லட்சம், தரங்களுக்கு இடையிலான வித்தியாசமே அல்ல என்று நினைக்கிறேன். உங்கள் விற்பனை எஃப்ஓபி அடிப்படையில் என்றால், தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது. மார்ச் 28 அன்று ஆலையை விட்டு லாரி கிளம்பி, ஏப்ரல் 3 அன்று கப்பலில் ஏறினால் அது அடுத்த ஆண்டு விற்பனை. ஐஎஃப்ஆர்எஸ் 15 இதைக் ‘கட்டுப்பாடு கைமாறுதல்’ என்கிறது. நம் ஏஎஸ் 9 ‘இடரும் பயனும் கைமாறுதல்’ என்கிறது. சொல் வேறு, உங்கள் விஷயத்தில் விடை ஒன்றுதான். ஜிஎஸ்டி இன்வாய்ஸ் போட்ட தேதியிலேயே விற்பனையையும் எழுதிவிடுவது நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் நெடுநாள் பழக்கம். பழக்கத்தைத் தரம் என்று நினைத்துக்கொள்கிறோம். இதை உங்கள் ஆடிட்டரிடம் நேராகவே கேளுங்கள்.

ஆனால் ஜெர்மன் அலுவலகத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மார்ச் கடைசிச் சரக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினீர்கள், சரி. சென்ற மார்ச் கடைசியில் இதே போலப் போன சரக்கை இந்த ஆண்டுக்குக் கொண்டு வந்தீர்களா? அவர்கள் தாளில் கழித்தல் மட்டுமே தெரிகிறது, கூட்டலைக் காணோம். சென்ற ஆண்டுச் சரக்கின் லாபம் 38 லட்சம் என்று வைத்துக்கொண்டால், இதில் உண்மையான வித்தியாசம் 7 லட்சம்தான்.

வராக்கடனிலும் இதே சந்தேகம் எனக்கு உண்டு. ஏஎஸ்ஸில் ஒரு பாக்கி வராது என்று அறிகுறி தெரிந்த பிறகுதான் ஒதுக்கீடு செய்வோம். ஐஎஃப்ஆர்எஸ் 9 அப்படிக் காத்திருப்பதில்லை. நல்ல வாடிக்கையாளரின் பாக்கியிலும் ஒரு சிறு பங்கு வராமல் போகலாம் என்று பழைய அனுபவத்தையும் வரும் நிலவரத்தையும் பார்த்து முதல் நாளிலேயே ஒதுக்கச் சொல்கிறது. வித்தியாசம் உண்மையானது. ஆனால் உங்கள் நிறுவனத்தின் தனிக் கணக்கை முதன்முறை மாற்றி எழுதும்போது, ஆண்டுத் தொடக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒதுக்கீடு தொடக்கக் காப்பு நிதியிலிருந்துதான் போக வேண்டும். இந்த ஆண்டு லாபத்தில் கை வைக்க வேண்டியது ஆண்டுக்குள் கூடிய அளவு மட்டும். 14 லட்சம் என்பது முழு ஒதுக்கீடா, கூடியது மட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

கிராஜுவிட்டிக்கு ஒரே வாக்கியம் போதும்: வட்டி விகிதமும் சம்பள மதிப்பீடும் மாறுவதால் ஆக்சுவரி (இந்தப் பொறுப்பை மதிப்பிடும் வல்லுநர்) அறிக்கையில் வரும் ஏற்ற இறக்கத்தை ஏஎஸ் 15 லாப நட்டக் கணக்கிலேயே போடுகிறது, சர்வதேசத் தரம் லாபத்துக்குக் கீழே தனிப் பகுதியில் காட்டுகிறது.

நான்கில் வாடகைதான் சுவையானது. மாதம் 4 லட்சம், ஆண்டுக்கு 48 லட்சம், இன்னும் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்று கொள்கிறேன், 6.6 லட்சம் என்ற எண் அதோடு பொருந்துகிறது. ஏஎஸ் 19-இல் 48 லட்சமும் வாடகைச் செலவு, அவ்வளவுதான். ஐஎஃப்ஆர்எஸ் 16 வேறு விதமாகப் பார்க்கிறது: ஐந்து ஆண்டு கட்டிடத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் கடனுக்கு வாங்கியிருக்கிறீர்கள். கணக்கு எளிதாக இருக்க, வாடகையை ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதாக வைத்து 10 சதவீத வட்டியில் போட்டால், இன்றைய மதிப்பு ஏறக்குறைய 182 லட்சம். அது சொத்தாகவும் கடனாகவும் இருப்பு நிலைக் குறிப்பில் ஏறும். முதல் ஆண்டில் தேய்மானம் 36.4 லட்சம், வட்டி 18.2 லட்சம், சேர்த்து 54.6 லட்சம். வாடகையைவிட 6.6 லட்சம் அதிகம். கடன் குறையக் குறைய வட்டியும் குறைந்து, ஐந்தாம் ஆண்டில் மொத்தச் செலவு 41 லட்சத்துக்கும் கீழே வந்துவிடும். ஐந்து ஆண்டையும் கூட்டினால் எந்தத் தரத்திலும் 240 லட்சம்தான். பணப்பெட்டியிலிருந்து போவதும் அதே பணம்தான்.

இங்கேதான் நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வருகிறது. மீதிப் பங்குக்கு இபிட்டாவின் ஆறு மடங்கு என்றீர்களே, எந்தத் தரத்தின்படி இபிட்டா? வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபம் என்பது ஏஎஸ்ஸிலும் வரையறுக்கப்படவில்லை, ஐஎஃப்ஆர்எஸ்ஸிலும் இல்லை. ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். வாடகை இபிட்டாவுக்கு முன்பே கழியும். தேய்மானமும் வட்டியும் கழியாது. ஆகவே லாபத்தை 6.6 லட்சம் குறைத்த அதே விதி இபிட்டாவை 48 லட்சம் உயர்த்துகிறது! ஆறு மடங்கில் அது 2.88 கோடி. எதிர்ப்பக்கம், மூன்றாம் ஆண்டு முடிவில் மீதமிருக்கும் வாடகைக் கடன் சுமார் 83 லட்சத்தை நிறுவன மதிப்பிலிருந்து கழிக்கச் சொல்வார்கள். கழித்த பிறகும் உங்கள் 40 சதவீதத்துக்கு ஏறத்தாழ 82 லட்சம் கூடுதல். ஏஎஸ்படி என்று எழுதியிருந்தால் இந்தத் தொகை கிடையாது. எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால், மூன்று ஆண்டு கழித்து வக்கீல்களுக்குத்தான் லாபம். அதைவிட மோசமானது இரண்டையும் கலந்து எழுதுவது: இபிட்டா பழைய முறையில், கடன் புதிய முறையில் என்றால் இரண்டு பக்கமும் நீங்கள்தான் இழப்பீர்கள். ஒப்பந்தத்தை இந்த வாரமே எடுத்து, தரத்தின் பெயர், வாடகைக் கடன் கடனாகுமா ஆகாதா, இடையில் தரம் மாறினால் என்ன என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உறவு நன்றாக இருக்கும்போதே ஒரு திருத்தக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

இரண்டு லாபம் என்றதும் ஏதோ தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஜெர்மன் தாயும், அந்த நாட்டுச் சட்டப்படியான ஒரு கணக்கும் குழுமத்துக்கான ஐஎஃப்ஆர்எஸ் கணக்கும் என இரண்டு வைத்திருக்கும். 1993-இல் டெய்ம்லர் பென்ஸ் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனபோது, ஜெர்மன் கணக்கில் 615 மில்லியன் மார்க் லாபம் காட்டிய அதே ஆண்டுக்கு அமெரிக்கத் தரத்தில் 1,839 மில்லியன் மார்க் நட்டம் வந்தது. ஜெர்மன் முறையில் நல்ல காலத்தில் மறைவாகச் சேர்த்துவைத்த ஒதுக்கீடுகளைக் கெட்ட காலத்தில் எடுத்து லாபத்தைத் தாங்கிப் பிடிக்க முடிந்தது. அமெரிக்கத் தரத்தில் அது நடக்கவில்லை. உங்களுடைய 58 லட்ச வித்தியாசத்தைப் பற்றி அவர்கள் கடுமையாகப் பேசினால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

கடைசியாக, தேதி. அவர்களுடைய ஆண்டு டிசம்பரில் முடிந்தால், உங்கள் மார்ச் கணக்கை அப்படியே ஏற்க மாட்டார்கள். இரு தேதிக்கும் இடைவெளி ஆறு மாதம் வரை போகலாம் என்று ஏஎஸ் 21 விட்டுக்கொடுக்கிறது. ஐஎஃப்ஆர்எஸ் 10 மூன்று மாதம்தான் தருகிறது, அதுவும் வேறு வழியே இல்லை என்றால். அரசிடம் விண்ணப்பித்து உங்கள் நிதியாண்டையே டிசம்பருக்கு மாற்றலாம்தான். ஆனால் வருமான வரிக்கு மார்ச் கணக்கு வேண்டியே இருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மார்ச்சைப் போலவே டிசம்பர் 31 மாலையும் ஆலையில் சரக்கிருப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். தூத்துக்குடி வழியில் எந்த லாரி, துறைமுகக் கிடங்கில் எந்தப் பெட்டி, கப்பலில் எது என்ற பட்டியலும் அன்றே தயாராக இருக்கட்டும்.