அன்றைய தொலைக்காட்சி தானாக நின்றது. இன்றைய கைபேசியை நிறுத்துவது எப்படி?

கேள்வி: எனக்கு 38 வயது. என் மகனுக்கு ஐந்து வயது ஆகிறது. காணொளி பார்த்துக்கொண்டிருக்கும்போது கைபேசியை வாங்கினால் தரையில் புரண்டு அழுகிறான். சோறு ஊட்டும்போது என் மாமியாரும் கைபேசியைக் கொடுத்துவிடுகிறார். நானும் என் கணவரும் தொலைக்காட்சி பார்த்துத்தான் வளர்ந்தோம். இப்படி அடம்பிடித்ததாக நினைவில்லை. எங்கள் வளர்ப்பில் குறையா? கைபேசியை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டுமா? – வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் வளர்ப்பில் குறை என்று சொல்லும்படியாக நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. உங்கள் ஐந்து வயதையும் உங்கள் மகனின் ஐந்து வயதையும் ஒப்பிடும்போது, யாருக்குப் பொறுமை அதிகம் என்று பார்ப்பதற்கு முன்னால், அவரவர் முன்னால் இருந்த கருவி எப்படி இயங்கியது என்று பார்க்க வேண்டும். அந்த வேறுபாடு புரிந்துவிட்டால் வீட்டில் எதை மாற்றுவது என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

நீங்கள் சிறு குழந்தையாக இருந்தபோது தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் தூர்தர்ஷன் மட்டுமே தெரிந்தது. சன் டிவி தொடங்கியதே 1993 ஏப்ரலில்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ முடிந்துவிட்டால் அடுத்த வெள்ளிவரை காத்திருக்க வேண்டும். செய்தி வாசிக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே எழுந்து தெருவுக்கு விளையாடப் போனார்கள். பாட்டுக் கேட்கும் கேசட்டிலும், 60 நிமிட நாடா என்றால் ஒரு பக்கம் 30 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எழுந்துபோய்த் திருப்பிப் போட்டால்தான் மறுபக்கம் பாடும். அந்தக் காலத்துப் பெற்றோர் கண்டிப்பானவர்கள் என்று நாம் நினைவுகூர்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை ஒளிபரப்பு நேரமும் நாடாவின் நீளமும் மின்வெட்டும் பார்த்துக்கொண்டன. முடிந்த நிகழ்ச்சியை அப்பா நினைத்தாலும் மறுபடி வரவழைக்க முடியாது என்று குழந்தைக்கே தெரிந்திருந்ததால், அதற்காக அழுவதில் பொருளும் இருக்கவில்லை.

உங்கள் மகன் பிறந்த காலமோ வேறு. யூடியூப் 2005இல் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவின் விலை வெகுவாகக் குறைந்து, எளிய குடும்பங்களிலும் நாள் முழுவதும் காணொளி பார்க்க முடிந்தது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, நிகழ்ச்சி என்றால் அதற்கு முடிவு உண்டு என்பதையே அவன் திரையில் கண்டதில்லை. அவன் அறிந்த ஒரே முடிவு அம்மாவின் கை வந்து கைபேசியைப் பிடுங்குவதுதான். எனவே அவன் கோபம் முழுவதும் உங்கள்மேல் திரும்புகிறது. உங்கள் பெற்றோருக்கு இந்தச் சோதனை இத்தனை கடுமையாக வந்ததில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களைக் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, ‘இன்னும் இரண்டே நிமிடம்’ என்று முன்கூட்டி எச்சரிப்பது அழுகையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியது என்று கண்டது. அதே குழந்தைகள், காணொளி இயல்பாக முடிந்தபோதும் கருவியே நின்றுவிட்டபோதும் அதிகம் சண்டையிடாமல் விலகினார்கள். அன்று கருவியிலேயே இருந்த முடிவை இன்று நாம் கருவிக்குள் திரும்ப வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அதைச் செய்வது கடினமல்ல. முதலில், காணொளிச் செயலியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) சென்று, அடுத்த காணொளியைத் தானாகத் தொடங்கும் ஆட்டோபிளே வசதியை அணைத்துவிடுங்கள். நான் சொல்வதில் இதை மட்டும் செய்தால்கூடப் பெரிய மாற்றம் தெரியும். அடுத்ததாக, பெரியவர்களுக்கான யூடியூபைக் கொடுக்காமல் யூடியூப் கிட்ஸ் செயலியை நிறுவி, தேடும் வசதியை அடைத்து, நீங்கள் பார்த்து அனுமதித்த காணொளிகள் மட்டும் தெரியும்படி வையுங்கள். அந்தச் செயலியில் நேரக்கட்டுப்பாடும் உண்டு. ஆனால் கதையின் நடுவில் அது வெட்டிவிட்டால் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆத்திரம் வருவது நியாயமே. அதனால் நிமிடக் கணக்கைவிடக் கதைக் கணக்கே நல்லது என்பேன்: ‘இன்று இரண்டு கதை’ என்று தொடங்குமுன் சொல்லி, எந்த இரண்டு என்பதை அவனையே தேர்ந்தெடுக்கவிட்டு, இரண்டாவது கதை முடிந்து திரை நின்றபின் கைபேசியை அவன் கையாலேயே அதற்குரிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் தொலைக்காட்சி இருந்தால் காணொளியை அதில் போடுவது இன்னும் சிறந்தது. அவன் என்ன பார்க்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும், நீங்களும் அருகில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச முடியும்.

அளவைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஐந்து வயதுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. உங்கள் மகன் அந்த எல்லையில் நிற்கிறான். இப்போதைக்கு ஒரு மணி நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து திரை வேண்டாம். தினமும் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது என்பதால், மாலையில் மொட்டை மாடியோ தெருவோ அவனுக்குக் கிடைக்கட்டும்.

இன்னொரு வேறுபாட்டைப் பற்றிப் பெற்றோர் குறைவாகவே யோசிக்கிறார்கள். நீங்கள் குழந்தையாக இருந்தபோது பெரியவர்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பொருள் இருந்தது. அப்பா செய்தித்தாளை விரித்தால் படிக்கிறார் என்றும், பாஸ்புக்கை எடுத்தால் வங்கிக்குப் போகிறார் என்றும், அம்மா நீல நிற இன்லண்ட் கடிதத்தை எடுத்தால் ஊருக்கு எழுதுகிறார் என்றும் பார்த்த கணமே புரிந்தது. இப்போது மின்கட்டணம் கட்டுவதும், பள்ளியின் வாட்ஸ்அப் செய்தியைப் படிப்பதும், பொழுதுபோக்குக்குக் காணொளி பார்ப்பதும் உங்கள் மகனின் கண்ணுக்கு ஒரே காட்சிதான்: அம்மா கைபேசியைப் பார்க்கிறாள். அம்மா எந்நேரமும் பார்க்கலாம், தனக்கு மட்டும் தடை என்று அவன் முடிவுகட்டுவதில் வியப்பில்லை. ஆகவே கைபேசியை எடுக்கும்போது ‘மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புகிறேன்’, ‘சித்திக்குப் பதில் எழுதுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவன் பார்க்கக் கீழே வையுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும் பயன்பாடு எதுவென்று உங்களுக்கே தெரியவரும். அதை அவன் தூங்கியபின் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மாமியாரைப் பற்றி: பேரன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்ற அன்பில்தான் அவர் கைபேசியைக் கொடுக்கிறார். ஆனால் திரையில் கண் பதிந்திருக்கும் குழந்தை பசியையும் நிறைவையும் உணராமல் வாயைத் திறக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லாமல் உதவியாகக் கேளுங்கள். ‘இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் நீங்கள் கதை சொல்லுங்கள், அத்தை’ என்று ஒரு வேளையில் தொடங்கலாம். ஐந்து வயதுக் குழந்தை தன் கையாலேயே எடுத்துச் சாப்பிட முடியும். நாலு வாய் குறைந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே முன்வந்து சொன்னால் அவருக்கும் பாரம் குறையும். அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2003இல் வெளியான ஓர் ஆய்வில், எதிரே அமர்ந்து மாண்டரின் பேசியவரிடமிருந்து அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகிய குழந்தைகள், அதே பேச்சைக் காணொளியில் கேட்டபோது பழகவில்லை. ஐந்து வயதில் காணொளியிலிருந்தும் கற்க முடியும் என்றாலும், இடையில் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லும் பாட்டி இன்றும் மேலானவர்.

முழுவதுமாக நிறுத்தத் தேவையில்லை. வெளியூரில் இருக்கும் உறவினரோடு காணொளி அழைப்பில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். முதல் சில நாட்கள் அழுகை கூடலாம். அப்போது திட்டாமலும் பேரம் பேசாமலும் அருகில் இருங்கள். அழுகைக்கு இணங்கி ஒரு நாள் மூன்றாவது கதையைப் போட்டுவிட்டால் மறுநாள் அழுகை நீளும் என்பதால், வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் முதலிலேயே பேசி ஒரே முடிவுக்கு வந்துவிடுங்கள்.

சில வாரங்கள் இப்படி நடந்தபின்னும் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குக் கோபம் வந்தால், அல்லது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முழு வாக்கியங்களில் பேசாமை, மற்றக் குழந்தைகளோடு சேராமை போன்றவை தெரிந்தால், கைபேசிதான் காரணம் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் வளர்ச்சிப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.